பூஸ்டர் சீட்: ‘ஊக்க இருக்கை’ வேண்டாம், ‘உயர்மணை’ என்போம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

காரில் நாலைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வைக்கும் பூஸ்டர் சீட்டை ‘ஊக்க இருக்கை’ என்று நம் குழுவில் ஓர் அண்ணன் எழுதியிருந்தார். தடுப்பூசிக்கு அந்தச் சொல் சரி. இங்கே எதை ஊக்குகிறோம்?

போன மாதம் மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம் வழியாகத் தங்கச்சிமடம் போனோம். கழுத்தை அறுக்கிறது என்று ஒன்பது வயது மகள் பெல்ட்டின் தோள்மேல் வரும் பட்டையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். அம்மா பாசத்தோடு ஒரு தலையணையை மடித்து அவளுக்கு அடியில் வைத்தார். இரண்டுமே ஆபத்து. கார் பெல்ட் பெரியவர்களுக்கு அளவெடுத்தது. ஏறக்குறைய 145 செ.மீ. வளரும்வரை இடுப்புப்பட்டை பிள்ளையின் வயிற்றில் ஏறிவிடும். அதைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு இடுப்பெலும்பின் முன்விளிம்பு இன்னும் வளர்ந்திருக்காது. வண்டி மோதினால் உடல் பட்டைக்கு அடியில் வழுக்கிப் போகும், பட்டை குடலை நசுக்கும். தலையணை அமுங்குவதால் வழுக்கல் இன்னும் கூடும்.

இந்த வழுக்கலுக்கு ‘மூழ்கல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் நீர்மூழ்கிப் பெயர் (submarining) இருக்கலாம். சங்கு குளிக்கும் கரையில் மூழ்குதல் என்றால் கடல்தான் நினைவுக்கு வரும். ‘அடிநழுவல்’ போதும்.

சரி, இருக்கைக்கு வருவோம். முடிவெட்டும் கடையில் நாற்காலிக் கைகளின் மேல் குறுக்குப் பலகை போட்டுச் சிறுவர்களை உட்கார வைப்பார்களே, வேலை அதேதான்: ஆளை உயர்த்தி அளவுக்குக் கொண்டுவருவது. ஆனால் பலகை எதற்கும் ஆகும். உட்காரவென்றே மரத்தில் செய்தது மணை. அமுங்காது என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் ‘உயர்மணை’.

உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். இரு ஓரங்களிலும் கைப்பிடிபோல் நீண்டிருப்பவை ‘பட்டைக்கொம்பு’. இடுப்புப்பட்டை அவற்றின் அடியில் நுழைந்து தொடைமேல் தாழ்ந்து கிடக்கும். தோள்மேல் வரும் பட்டையைக் கழுத்திலிருந்து விலக்கித் தோளின் நடுவில் நிறுத்துவது ‘தோள்கொண்டி’. மணையின் நீளத்தையும் வடிவமைப்பவர்கள் பார்க்க வேண்டும். முழங்கால் விளிம்பில் மடியாவிட்டால் பிள்ளை முன்னால் சரிந்து உட்காரும். அடிநழுவல் அங்கேயே தொடங்கிவிடும்.

கீழக்கரையிலிருந்து மறுமொழி:

அக்கா, மணை என்றால் எங்கள் வீட்டில் அரிவாள்மணைதான். பிள்ளை உட்காரும் பொருளுக்கு அந்தப் பெயர் வேண்டுமா? அப்புறம், முதுகு உள்ளதும் இல்லாததும் விற்கிறார்களே, இரண்டுக்கும் ஒரே பெயரா?

என் பதில்:

தம்பி, அதில் வெட்டுவது அரிவாள். மணை அடிக்கட்டை மட்டும். கல்யாணத்தில் பொண்ணு மாப்பிள்ளையை உட்கார வைப்பதும் மணையில்தானே?

இரண்டாவது கேள்வி முக்கியம். சிறார் கார் இருக்கைகளுக்கான ஐ.நா.வின் 129ஆம் விதி, 125 செ.மீ.க்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முதுகில்லாததை ஏற்பதில்லை. நம் நாட்டில் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ சிறார் இருக்கையோ கட்டாயம், இல்லையேல் 1000 ரூபாய் அபராதம். ஆனால் எந்த உயரத்துக்கு எது என்று கடையில் கேட்டு வாங்கத் தமிழில் சொல் இல்லை. ஆகவே பட்டியலில் ‘சாய்வுள்ள உயர்மணை’, ‘சாய்வில்லா உயர்மணை’ என்று இரண்டு பதிவாகவே ஏற்றுகிறேன்.