எல்டிஎல் ஆக்சிஜனேற்றம் அடைவதுதான் கேடு என்றால், வைட்டமின் இ ஏன் கைகொடுக்கவில்லை?

கேள்வி:
ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்த எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) துகள்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகு, மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் அவற்றை அளவின்றி விழுங்கி, கொழுப்பு நிறைந்த நுரைசெல்களாக மாறி, அடைப்புக்கு வித்திடுகின்றன என்று படித்தேன். அப்படியானால் கொலஸ்ட்ராலைக் குறைப்பதை விட்டுவிட்டு, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின்களை எடுத்துக்கொண்டால் போதாதா? கேட்பதற்குக் காரணம் உண்டு. மாரடைப்பு வந்த மூன்றாம் நாள் அப்பாவுக்கு எடுத்த பரிசோதனையில் எல்டிஎல் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. அதைக் காட்டி, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டாம், வைட்டமின் இ போதும் என்கிறார்.

மறுமொழி 1:
இந்த இரண்டு வழிகளையும் ஒரே ஆய்வில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2002-இல் வெளியான பிரிட்டனின் ஹார்ட் புரொடெக்‌ஷன் ஸ்டடியில் 20,536 பேர் பங்கேற்றார்கள். சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை 40 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. வைட்டமின் இ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் ஐந்தாண்டு எடுத்தவர்களின் ரத்தத்தில் அந்தச் சத்துகள் நன்றாகவே உயர்ந்தன, ஆனால் நோய் குறையவில்லை. மாத்திரை உடலில் சேரவில்லை என்று சாக்குச் சொல்ல இடமில்லை. பீட்டா கரோட்டின் தீங்கும் செய்திருக்கிறது: ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், அதை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% கூடுதலாக வந்தது.

மறுமொழி 2:
எல்டிஎல் ஆக்சிஜனேற்றம்தான் கேடு என்ற கருதுகோள் முழுக்கப் பொய் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ரத்தக்குழாய்ச் சுவருக்குள், மையலோபெராக்சிடேஸ் என்ற நொதி உண்டாக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் எல்டிஎல்லைத் தாக்குகிறது. அதற்கெதிராக வைட்டமின் இ பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மேலும், ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் ஒரு ஃப்ரீ ராடிக்கலை (நிலையற்ற மூலக்கூறை) அடக்கிய வைட்டமின் இ தானே ராடிக்கலாகிவிடுகிறது; வைட்டமின் சி போன்ற ஒன்று அதை மீட்காவிட்டால், துகளுக்குள்ளேயே ஆக்சிஜனேற்றத்தை அது கடத்தவும் கூடும். சோதனைக் குழாயில் தெளிவாகத் தெரிந்த பலன் உடலில் காணாமல் போனதற்கு இவை முக்கியக் காரணங்கள் என்பது என் கணிப்பு.

ரத்தம் தடைபட்டுத் திசு காயப்படும்போதும் இதே கதைதான். அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பப் பாயும்போது சூப்பராக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கல் பெருகித் திசுவைச் சேதப்படுத்துகிறது, ஆனால் அதே சூப்பராக்சைடை வைத்துத்தான் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்கின்றன. எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக அணைக்க முயல்வது சரிப்படாது. குறைபாடு இன்னதென்று தெரிந்த இடத்தில் நிலைமை வேறு: பாராசிட்டமால் அளவுமீறி, கல்லீரலைக் காக்கும் குளூட்டாதயோன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான் தீர்ந்துபோகும்போது, எட்டு மணி நேரத்துக்குள் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து அதை மீட்டு உயிரைக் காக்கிறது.

மறுமொழி 3:
அப்பாவின் பரிசோதனையைப் பற்றி: மாரடைப்பு, அறுவை சிகிச்சை, கடும் தொற்று, பெரிய காயம் ஆகியவற்றுக்குப் பிறகு, அழற்சியின் காரணமாக எல்டிஎல் தற்காலிகமாகத் தாழ்ந்துவிடும். மாரடைப்பில் முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்த அளவே பழைய நிலைக்கு நெருக்கமானது. பிறகு பழையபடி ஏறச் சில வாரங்கள் ஆகும். மாரடைப்பு வந்தவருக்கு அந்த எண் எப்படி இருந்தாலும் ஸ்டாட்டின் பொதுவாகத் தேவைப்படும். அவரே நிறுத்திவிடாமல், இதயநோய் மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூன்றாம் நாள் எண் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அனுமதிக்கப்பட்ட அன்று எடுத்த அறிக்கை கோப்பில் இருக்கிறது. அதில் எல்டிஎல் 148, மூன்றாம் நாள் 109. இரண்டையும் அப்பாவிடம் காட்டப் போகிறேன்.