டிரைவிங் பிரஷர் எச்சரிக்கை: வரம்பை உயர்த்தலாமா?

கேள்வி:
வென்டிலேட்டரிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களை எடுத்து, பிளாட்டோவில் (உள்மூச்சின் முடிவில் காற்றோட்டம் நின்றபோதுள்ள அழுத்தம்) பீப்பைக் (வெளிமூச்சின் முடிவிலும் நுரையீரலில் மிஞ்சும் அழுத்தம்) கழித்து, அந்த டிரைவிங் பிரஷர் 15 செ.மீ. நீரைத் தாண்டினால் ஐசியு திரையில் எச்சரிக்கிறது எங்கள் மென்பொருள். கட்டிலருகே போய்ப் பார்த்தால் பல எச்சரிக்கைகளில் ஒன்றுமே இல்லை. இப்படியே போனால் செவிலியர்கள் திரையைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். ஓர் உதாரணம்: டைடல் (ஒரு மூச்சின் காற்றளவு) 420 மி.லி., பிளாட்டோ 28, பீப் 10. கணக்கில் 18 வருகிறது. வரம்பை 18 ஆக்கிவிடலாமா?

பதில் 1:
வரம்பைத் தொடாதீர்கள், உள்ளே வரும் எண்ணைப் பாருங்கள். நீங்கள் கழிப்பது மெஷினில் வைத்த பீப். கழிக்க வேண்டியது மொத்த பீப். மூச்சு முழுதாக வெளியேறுமுன் அடுத்த மூச்சு தொடங்கினால் காற்று உள்ளே தங்கி ஆட்டோ பீப் சேரும். வெளிமூச்சின் முடிவில் ஹோல்டு கொடுத்து (காற்றோட்டத்தைச் சற்று நிறுத்தி) அளந்த மொத்த பீப் 14 வந்தால், 28-இல் 14 போக டிரைவிங் பிரஷரும் 14தான். கம்ப்ளையன்ஸ் (நுரையீரல் விரியும் எளிமை: டைடலை டிரைவிங் பிரஷரால் வகுத்தது) 23 அல்ல, 30. அதற்காக அந்த நோயாளியை விட்டுவிடக் கூடாது: அவருக்குத் தேவை "காற்று தங்குகிறது" என்ற வேறு எச்சரிக்கை. ஃப்ளோ (காற்றோட்டம்) கோடு பூஜ்யத்தைத் தொடுமுன் அடுத்த மூச்சு தொடங்குவதை மென்பொருளே கண்டுபிடித்து, ஹோல்டு செய்யச் சொல்லலாம்.

பதில் 2:
பிளாட்டோ எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். உள்மூச்சின் முடிவில் அரை விநாடியாவது ஹோல்டு இருந்து, அழுத்தக் கோடு தட்டையாக நின்றால் மட்டும் எடுங்கள். கோடு அலைந்தால் நோயாளி தானே மூச்சுக்கு முயல்கிறார். கடைசிவரை இறங்கிக்கொண்டே போனால் கசிவு. ட்யூபைச் சுற்றிக் காற்றை அடைக்கும் கஃபை முதலில் பாருங்கள், உள்ளே போன அளவையும் வெளியே வந்த அளவையும் ஒப்பிடுங்கள். தகுதியில்லாத நேரத்தில் பழைய எண்ணைத் தொங்கவிடாமல் "அளக்க முடியவில்லை" என்று காட்டுங்கள். இருமல், சளி உறிஞ்சல், புரட்டிப் படுக்கவைத்தல் நடக்கும்போது வந்த ஒற்றை அளவுக்கு அலாரம் அடிக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மொத்த பீப்பைச் சேர்க்கிறோம். டைடல் வரம்பை எடையை வைத்துத்தான் போட்டிருக்கிறோம், அது சரிதானே?

பதில் 3:
தராசு எடை என்றால் தப்பு. நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது, உடல் பருமனைப் பொறுத்ததல்ல. உயரத்தை வைத்து எடையைக் கணக்கிடுங்கள்: ஆணுக்கு 50, பெண்ணுக்கு 45.5, அதோடு செ.மீ. உயரத்தில் 152.4 கழித்து 0.91 ஆல் பெருக்கியதைக் கூட்டுங்கள். 170 செ.மீ. ஆணுக்கு 66 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. வீதம் 396 மி.லி. அவரே தராசில் 90 கிலோ என்றால் உங்கள் மென்பொருள் 540-ஐ அனுமதித்துவிடும். உயரம் பதிவாகாதவருக்குச் சராசரி உயரத்தை நிரப்பாதீர்கள். படுத்தவாறே நாடாவால் அளந்து பதிவு செய்யும்வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.