ஈரான் அணு வேலையைக் குறைக்கும், பதிலுக்குத் தடைகள் நீங்கும் என்று 2015-ல் போட்ட ஈரான் அணு ஒப்பந்தத்தின் தகராறு உங்க வாசல் வரைக்கும் வந்தது எப்போ?

லீபஜார் மஞ்சள்:
2019 ஜூன். ஈரானுக்குப் போக 60 மூட்டை விரலி மஞ்சள். லாரியில் ஏற்றித் தார்ப்பாயும் கட்டியாச்சு. ஈரோட்டு ஏற்றுமதிக்காரர் போன் போட்டு, "இறக்கிடுங்கண்ணே, பணம் வராது" என்றார். கதை தெரிந்ததுதான். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு நாம் யூகோ வங்கியில் ரூபாயாகப் போட்டுவந்தோம், அதிலிருந்து நம் அரிசி, தேயிலைக்கெல்லாம் அவர்கள் கொடுத்தார்கள். தடையை மீறி அந்த எண்ணெயை வாங்க அமெரிக்கா தந்த விலக்கு மே மாதம் முடிந்தது, எண்ணெய் நின்றது. காசு விழாத உண்டியலில் எவ்வளவு நாள் கைவிடுவது? மூட்டை இறக்கிய பையன், "ஏங்கண்ணா, டிரம்புக்கு மஞ்சள் ஆகாதா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வரவில்லை.

ஏற்காட்டுக்காரன்:
டிரம்பை மட்டும் சொன்னால் போதுமா? 2018 மே, அவர் ஒப்பந்தத்தை விட்டு விலகிய சூடு ஆறவில்லை. எங்கள் காட்டேஜில் தங்கிய ஜெர்மன்காரரை லேடீஸ் சீட்டுக்குக் கூட்டிப்போனேன். கீழே சேலத்து விளக்குகள். "பிரிட்டன், பிரான்ஸ், நாங்கள், மூன்று பேரும் கையெழுத்தைக் காப்பாற்றுவோம்" என்று மூன்று விரலைக் காட்டினார். நம்பினேன். ஈரானோடு டாலரைத் தொடாமல் வியாபாரம் செய்ய 2019-ல் இன்ஸ்டெக்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2020 மார்ச்சில் கொஞ்சம் மருத்துவப் பொருள் போனது, 2023-ல் கடையையே மூடிவிட்டார்கள். ஈரானும் ஒப்பந்தத்தின் 3.67 சதவீத வரம்பைத் தாண்டி 60 வரை யுரேனியத்தைச் செறிவூட்டியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2025 ஆகஸ்ட் 28-ல் ஐ.நா. தடைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது அதே மூன்று விரல்கள்தான்!

செவ்வாய்பேட்டை பெரியவர்:
ஐரோப்பாவை ஏன் இழுக்கிறீர்கள்? நாம் என்ன செய்தோம்? 2005 ஜூலையில் அமெரிக்க அதிபர் புஷ்ஷோடு அணு உடன்பாடு பேசினோம், செப்டம்பரில் வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமைக் கூட்டத்தில் ஈரானுக்கு எதிராக ஓட்டுப் போட்டோம். அன்றைக்கு டீக்கடையில் என் மச்சானோடு சண்டை. இன்னும் பேச்சில்லை. அது கிடக்கட்டும். மஞ்சள் தம்பி, இனி முன்பணம் வராமல் லாரியில் ஏற்றாதே. தடை உள்ள நாடென்றால் முதலில் வங்கியில் எழுத்தில் கேள், வாய்ப்பேச்சை நம்பாதே. துபாய் வழியாக அனுப்பலாம் என்று தரகர் வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடு, காகிதத்தில் ஒரு ஊர் மாறினாலும் பணம் முடங்கும். ஒரே நாட்டை நம்பி இருப்பு வைக்காதே. அப்புறம், குடோனில் ஈரம் பார்.

லீபஜார் மஞ்சள்:
ஐயா, நான் யோசனை கேட்கவே இல்லை. ஈரம் பார்த்தேன். பாதி உள்ளூரில் நஷ்டத்துக்குப் போனது, மீதியில் வண்டு விழுந்துவிட்டது.