நம்பகமான மென்பொருளை ஆன்டிவைரஸ் தூக்கிய அனுபவங்கள்

பைதான் மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதி, பைஇன்ஸ்டாலர் என்ற கருவியால் நேரடியாக இயங்கும் எக்ஸ்இ கோப்பாக்கி அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன். ஸ்கேன் செய்த பிடிஎஃப்களுக்குத் தேதிவாரியாகப் பெயர் வைக்கும், அவ்வளவுதான். டபுள் கிளிக் செய்ததும் ஐகானே மாயம். குவாரன்டைனில் (ஆன்டிவைரஸ் சந்தேகக் கோப்புகளை அடைத்து வைக்கும் இடம்) போய்ப் பார்த்தால் ட்ரோஜன், அதாவது நல்ல நிரல்போல் நடிக்கும் கெட்ட நிரல், என்கிறது; பெயரின் வாலில் 'ஜெனரிக்'. ஜெனரிக், ஹியூர், எம்எல் என்று ஏதாவது ஒட்டியிருந்தால், குறிப்பிட்ட வைரஸை அடையாளம் கண்டு சொல்லவில்லை, சாடையை வைத்து ஊகிக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பைஇன்ஸ்டாலர் எல்லா எக்ஸ்இ-யிலும் ஒரே பூட்லோடரைத்தான் (நிரலைத் தொடங்கிவைக்கும் பகுதி) வைக்கிறது. வைரஸ் எழுதுகிறவர்களும் அதையே பயன்படுத்துகிறார்கள். போதாக்குறைக்கு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடைக்கும் 'ஒன்ஃபைல்' முறையில் கட்டினால், ஓடும்போது டெம்ப் ஃபோல்டரில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு அங்கிருந்து இயங்கும். யார் பார்த்தாலும் சந்தேகப்படத்தான் செய்வார்கள். முன்பே ஒரு ஃபோல்டரில் பிரித்து வைக்கும் 'ஒன்டிர்' முறைக்கு மாற்றி, பூட்லோடரையும் மூலநிரலிலிருந்து நானே கம்பைல் செய்தேன், சத்தம் அடங்கியது. ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கும் கோப்பை அனுப்பினேன், சரிசெய்துவிட்டதாகப் பதில் வந்தது. அடுத்த வெர்ஷனை மறுபடி பிடித்தது, அது வேறு கதை.

*

மேலே எழுதியவருக்கு: உங்களுக்குப் போனது ஒரே ஒரு எக்ஸ்இ. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் அனுப்பிய 5958 என்ற அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-இல், விண்டோஸ் இயங்கவே தேவையான எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின, நெட்வொர்க்கும் போனது. நெட்வொர்க் இல்லாத கணினிக்குத் திருத்தத்தை எப்படி அனுப்புவது? ஒவ்வொன்றாக நேரில் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது. 2012-இல் சோஃபோஸ் என்ற ஆன்டிவைரஸ் தன்னுடைய அப்டேட்டரையே பிடித்துக்கொண்டது! இதையெல்லாம் படித்த பிறகு, எங்கள் இடத்தில் அப்டேட்டை முதலில் நாலைந்து கணினிகளில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்கு அனுப்புகிறோம்.

*

எதற்கெடுத்தாலும் "ஃபால்ஸ் பாசிட்டிவ்தான், எக்ஸ்க்ளூஷனில் போடு" (பொய் அலாரம்தான், ஸ்கேன் செய்யாமல் விடும் விலக்குப் பட்டியலில் சேர்) என்பவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். கணினியின் ஃபேன் வேகத்தை மாற்றும் நிரல் ஒன்று வைத்திருக்கிறேன். 2025 மார்ச்சில் அதிலுள்ள, வன்பொருளோடு நேரடியாகப் பேசும் வின்ரிங்0 டிரைவரை ஆன்டிவைரஸ் பிடித்தது. பொய் அலாரம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆனால் சாதாரண நிரலுக்குக்கூட கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் திறந்துவிடும் ஓட்டை அந்த டிரைவரில் உண்டு. 2020-லேயே பதிவான விஷயம். நிரல் நல்லது, டிரைவர் ஆபத்து. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரி) தளத்தில் போட்டிருப்பதோடு ஒத்துப்போனால் போதும் என்பார்கள். 2017-இல் கணினியைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் நிரலின் 5.33 பதிப்பு அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே, முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு, உள்ளே மால்வேரையும் சுமந்து வந்தது. ஹாஷ் ஒத்துப்போனால் வழியில் யாரும் கை வைக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

அவசரம் இல்லையென்றால் வைரஸ்டோட்டலில் (ஒரு கோப்பைப் பல ஆன்டிவைரஸ் என்ஜின்களில் சோதிக்கும் இணையதளம்) பார்த்துவிட்டு, ரெண்டு நாள் கழித்து மறுபடி ஸ்கேன் கொடுப்பேன். பொய் அலாரமாக இருந்தால் பிடிக்கும் என்ஜின்கள் பெரும்பாலும் குறையும். நிஜமாக இருந்தால் கூடிக்கொண்டே போகும். அப்புறமும் விலக்கு தேவைப்பட்டால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுவதற்கும் விலக்கு கொடுத்து வைத்திருக்கும் புண்ணியவான்களையும் பார்த்திருக்கிறேன். அலுவலகக் கோப்புகளை மட்டும் வைரஸ்டோட்டலில் ஏற்றாதீர்கள், சந்தா கட்டிய மற்றவர்கள் அதை இறக்கிக்கொள்ள முடியும். ஹாஷை மட்டும் போட்டுத் தேடலாம்.