இரண்டு இஞ்ச் தூக்கியும் டயர் உரசுகிறது, எங்கே தப்பு?

ராயபுரம் தார்:
வண்டி 2021 மஹிந்திரா தார். கம்பெனி டயர் 255/65 ஆர்18 (அகலம் 255 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 18 இஞ்ச்). போன மாதம் வண்டியை உயர்த்தும் 2 இஞ்ச் லிஃப்ட் கிட் போட்டு, 285/65 ஆர்18 டயரும் புது ரிம்மும் மாட்டினேன். ரிம் 9 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 0 (இது குறையக் குறைய வீல் வெளியே வரும்), கம்பெனி ரிம்மைவிட நன்றாகவே வெளியே தள்ளி நிற்கிறது. வண்டியைத் தூக்கிவிட்டால் தாராளமாக உட்காரும் என்று போட்டவர் சொன்னார். எங்கள் சந்தில் ரிவர்ஸ் எடுக்க ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் கிர்ர் என்று உரசுகிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் தோண்டிய பள்ளத்தில் இறங்கினால் தட் என்று வேறொரு சத்தம். 3 இஞ்ச் கிட்டாக மாற்றினால் சரியாகுமா?

கொருக்குப்பேட்டை டிங்கர்:
3 இஞ்ச் எல்லாம் வேண்டாம் தம்பி, காசு தண்டம். பம்பர் முனையில் இரண்டு விரல் அகலம் அறுத்து, மட்கார்டுக்கு உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் உறையை, அதாவது லைனரை, சூடு காட்டிப் பின்னால் தள்ளினால் முடிந்தது. அரை நாள் வேலை. அப்படியும் உரசினால் ரிம்முக்குப் பின்னால் ஸ்பேசர் வளையம் போட்டு வீலை இன்னும் கொஞ்சம் வெளியே எடுத்துவிடலாம்.

எண்ணூர் உப்புக்காற்று:
ஸ்பேசரா? அண்ணே, அவர் பிரச்சினையே வீல் ஏற்கெனவே வெளியே போனதுதான். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது வீல் திரும்புகிற அச்சு, வீலைத் தாங்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் பக்கம் அதே இடத்தில்தான் இருக்கிறது. டயரை வெளியே தள்ளத் தள்ள அது போடுகிற வட்டம் பெரிதாகி, முன் விளிம்பு பம்பர் முனையைத் தேடிப் போகும், பின் விளிம்பு ஃபுட்போர்டு பக்கத்து லைனரைத் தேடும். டயர் உள்பக்கம் சஸ்பென்ஷன் ஆர்மில் உரசினால் ஸ்பேசர் மருந்து, இங்கே அதுவே நோய். ஸ்டியரிங் கனமாகும், பள்ளத்தில் கையை இழுக்கும், பேரிங்குக்கும் கூடுதல் சுமை.

லிஃப்ட் கதையையும் சொல்லிவிடுகிறேன். தூக்கினால் வண்டி நிற்கும்போது மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் இடம் தெரியும், போட்டோவுக்கு நன்றாக இருக்கும். பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது அதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டை, அதாவது பம்ப் ஸ்டாப், பழையதாகவே இருந்தால் வீல் முன்பு ஏறிய அதே உயரம் வரை ஏறும், டயர் மட்டும் இப்போது பெரிது. அதுதான் உங்கள் ‘தட்’. 3 இஞ்ச் போட்டாலும் அது போகாது, கூடவே முன் ஆக்சில் கோணம் கூடி ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான சிவி பூட் கிழியும்.

கொருக்குப்பேட்டை டிங்கர்:
பேப்பரில் எழுதுவது சுலபம் நைனா. இருபது வருடமாக ஜீப்பும் ஜிப்ஸியும் என் பட்டறைக்கு வருகின்றன, யாரும் பால் ஜாயின்ட் அச்சைக் கேட்டதில்லை. உரசுகிற இடத்தை எடுத்தால் உரசாது. ரிம்முக்கு அவர் கொட்டிய காசை நீங்கள் திருப்பிக் கொடுப்பீர்களா?

மணலி 12 வீல்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் ஓட்டுவது லாரி. இந்த ஊரில் எதற்கு 285? கொருக்குப்பேட்டை கேட்டில் ரயிலுக்கு நிற்க எந்த டயராக இருந்தால் என்ன? இன்னொன்று, கம்பெனி கொடுத்த அளவை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வண்டி எங்காவது இடித்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் டயரைத்தான் பார்ப்பான்.

ராயபுரம் தார்:
ஆசைக்குத்தான் போட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சும்மா இல்லை அண்ணே. மிக்ஜாம் புயலில் தெருவெல்லாம் குளமாக நின்றபோது வீட்டை விட்டு வண்டியை எடுக்க முடியவில்லை. அப்புறம் மாதம் ஒரு முறை பழவேற்காடு பக்கம் மணலில் போவோம்.

எண்ணூர் உப்புக்காற்று:
அந்த 2023 டிசம்பரில் எங்கள் பக்கம் வந்த தண்ணீரில் எண்ணெயும் சேர்ந்து வந்தது, அதில் எந்த டயரும் உதவியிருக்காது. கணக்கைப் பாருங்கள். 255/65 ஆர்18 விட்டம் சுமார் 789 மி.மீ., உங்கள் 285/65 சுமார் 828. வித்தியாசத்தில் பாதிதான் உயரம், அதாவது 2 செ.மீ. கூட இல்லை. தாரில் கம்பெனி சொல்கிற தண்ணீர் ஆழம் 650 மி.மீ., இந்த 2 செ.மீ.யை நம்பி அதற்கு மேல் இறக்காதீர்கள். ஸ்பீடோ 60 காட்டும்போது நிஜத்தில் 63-ல் போய்க்கொண்டிருப்பீர்கள், அதையும் மனதில் வையுங்கள்.

மணலுக்குப் பெரிய டயரைவிடக் காற்றுதான் முக்கியம். 18 பிஎஸ்ஐ வரை இறக்கி மெதுவாக ஓட்டினால் பழைய டயரே மிதந்து போகும், ரோடு ஏறியதும் மறுபடி அடித்துக்கொள்ளலாம். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை முட்டையிடும் காலம், அப்போது தயவுசெய்து கடற்கரையில் வண்டியே வேண்டாம்.

கொருக்குப்பேட்டை டிங்கர்:
ஆமை வரைக்கும் போய்விட்டோம். உரசலுக்கு என்ன வழி, அதைச் சொல்லுங்கள்.

எண்ணூர் உப்புக்காற்று:
எங்கே உரசுகிறது என்று தெரியாமல் பிளேடைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் என் சண்டை. இரண்டு முன் டயரின் தோள்பட்டையிலும் (மேல்பரப்பும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பு) கோலமாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள். சமதளத்தில் மெதுவாக நகர்த்தி, இரண்டு பக்கமும் முழுதாக ஒடியுங்கள். அடுத்து ஒரு முன் வீலை மட்டும் கனமான கட்டை மேல் ஏற்றி, பின் சீட்டில் நாலு பேரை உட்காரவைத்து மறுபடி ஒடியுங்கள். மாவு ஒட்டிய இடம்தான் குற்றவாளி. லிஃப்ட் போட்ட பிறகு அலைன்மெண்ட் பார்த்தீர்களா?

ராயபுரம் தார்:
அப்போது பார்க்கவில்லை. நீங்கள் சொன்ன பிறகு நேற்றுதான் பார்த்தேன், மாவும் பூசினேன், இப்போது பதில்.

அம்மாவின் கோலமாவு டப்பாவைக் காலி செய்து திட்டு வாங்கியதுதான் மிச்சம் என்று நினைத்தேன், வேலை செய்தது. சமதளத்தில் ஒடித்தால் வலதில் பம்பர் முனை மட்டும். இடதில் பம்பர் முனையும், பின்னால் லைனர் அடியும். கட்டையில் ஏற்றினால் இரண்டு பக்கமும் லைனர் உச்சி. அலைன்மெண்ட் கடையில் கேஸ்டர் (வீல் திரும்புகிற அச்சின் முன்பின் சாய்வு) இடதும் வலதும் ஒன்றாக இல்லை, இடது வீல் கொஞ்சம் பின்தள்ளி நிற்கிறது என்றார்கள். சரிசெய்த பிறகு இடது லைனர் அடியில் மாவு ஒட்டவில்லை. அறுத்திருந்தால் வீணாக அறுத்திருப்பேன்.

கொருக்குப்பேட்டை டிங்கர்:
சரி, அந்த ஒரு இடம் உங்களுக்கு. உச்சியும் பம்பரும் இன்னும் இருக்கிறதே?

எண்ணூர் உப்புக்காற்று:
உச்சிக்கு பம்ப் ஸ்டாப்பை நீளமாக்க வேண்டும், டயரின் அரை விட்டம் எவ்வளவு கூடியதோ அந்த அளவுக்கு. பள்ளத்தில் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், உலோகத்தில் டயர் மோதுவதைவிட மேல். பம்பருக்கு ஆஃப்செட் கூடிய ரிம் வாங்குவதே என் கருத்து.

கொருக்குப்பேட்டை டிங்கர்:
பம்பர் முனை பிளாஸ்டிக். அதற்காக நாலு ரிம் மாற்றுவதா? ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டு வாருங்கள் தம்பி.

ராயபுரம் தார்:
வருகிறேன் அண்ணே. பம்ப் ஸ்டாப் முதலில், அப்புறம் மறுபடி மாவு பூசிப் பார்த்துவிட்டுத்தான் பம்பர். கோலமாவு நானே புது பாக்கெட் வாங்கி எடுத்து வருகிறேன்.