சிறு ஆற்றில் பாஸ்: அணைப் பழக்கம் ஏன் எடுபடவில்லை?

வெருலம்_தூண்டில்:
அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், இனாண்டா, அல்பர்ட் ஃபால்ஸ் அணைகளில் படகிலிருந்து பாஸ் மீன் பிடித்துப் பழகியவன் நான். இந்த வருடம் உம்கேனி ஆற்றின் மேல்பகுதியிலும் அதில் வந்து சேரும் சின்ன ஆறுகளிலும் கரையோடு நடந்து தூண்டில் போடுகிறேன். அகலம் 8 முதல் 15 மீட்டர், ஆழம் பெரும்பாலும் இடுப்பளவு, நடுவில் அங்கங்கே மடு. மீன் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். கடிக்கத்தான் மாட்டேன் என்கிறது.

என்னிடம் இருப்பது: 2.1 மீட்டர் கனத்த பெய்ட்காஸ்டர் ராட் (கனமான இரை வீசும் தூண்டில் கோல்), 15 பவுண்டு தூண்டில் நரம்பு, 14 கிராம் ஈயத்தோடு 18 சென்டிமீட்டர் ரப்பர் புழு, ஆழமாகப் போகும் கிராங்க்பெய்ட் (மீன் வடிவப் பொய் இரை). வீசிய ஐந்தில் மூன்று பாறையில் மாட்டுகிறது. இப்போது ஆனி மாதம், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. எதை மாற்றவேண்டும்? எந்த மாதத்தில் எங்கே தேடவேண்டும்?

மாரிட்ஸ்பர்க்_கரை:
தம்பி, முதலில் அந்த 14 கிராம் ஈயத்தைப் பெட்டியில் வைத்துவிடு. அணையில் 5 மீட்டர் ஆழத்துக்கு அது சரி. இடுப்பளவு ஓடும் தண்ணீரில் அது கல் இடுக்கில் நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆற்றில் ஈயத்தின் வேலை இரையை அடியில் நிறுத்துவது இல்லை, அடியை ஒட்டி நகரவிடுவது. 1.8, 2.5, 3.5 கிராம் ஜிக் தலைகளை (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்) மூன்றுமே கையில் வைத்துக்கொள். 2.5-இல் தொடங்கு. இரை இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை கல்லைத் தட்டிக்கொண்டு வந்தால் எடை சரி. தட்டாமல் மிதந்தே வந்தால் ஒரு படி கூட்டு. தட்டி நின்றுவிட்டால் ஒரு படி குறை. ஒரே மடுவில் தலைப்பகுதிக்கும் வால்பகுதிக்கும் எடை மாறும், சோம்பல் பார்க்காமல் மாற்று.

ராட் 2 மீட்டர் அளவில் மீடியம் லைட் ஸ்பின்னிங், 2500 அளவு ரீல், 10 பவுண்டு பிரெய்ட் (பின்னிய நரம்பு), முனையில் 6 அல்லது 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் (தண்ணீரில் எளிதில் தெரியாத நரம்பு) ஒன்றரை மீட்டர். பிரெய்டை நேராக இரையில் கட்டாதே. கல்லில் உரசினால் நார் நாராகப் போகும், தெளிந்த தண்ணீரில் மீனுக்கும் தெரியும்.

அடுத்தது நிற்கும் இடம். ஆற்று மீன் ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்து நிற்கும், மேலிருந்து வருவதைத்தான் பார்க்கும். நீ மேலிருந்து கீழே நடந்தால் உன்னைப் பார்த்துவிட்ட மீனுக்கு மேல்தான் தூண்டில் போடுகிறாய். கீழிருந்து மேலே நடக்கவேண்டும். மேல்நோக்கிக் குறுக்காக வீசி, இரை ஓட்டத்தோடு இறங்கி வரும்போது தொய்வை மட்டும் சுற்றி எடு. ராட் முனை தூக்கியே இருக்கட்டும். நரம்பு வில்லாக வளைந்து இரைக்கு முன்னே ஓடினால் இரை பக்கவாட்டில் இழுபடும், அப்படி இழுபடுவதை ஆற்று மீன் தொடாது. உன் நிழல் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள். ஆனி வெயில் வடக்கிலிருந்து சாய்ந்து வரும், அதனால் வடகரையில் நின்றால் நிழல் ஆற்றுக்குள்தான் போகும்.

எங்கே வீசுவது? வேகமான தண்ணீரும் மந்தமான தண்ணீரும் உரசும் கோடு ஒன்று மேற்பரப்பில் தெரியும், நுரையும் சருகும் அதில் வரிசையாகப் போகும். மீன் மந்தமான பக்கத்தில் நின்று வேகமான பக்கத்திலிருந்து இரையை எடுக்கும். பாறை என்றால் எல்லோரும் பின்னாலேயே வீசுகிறார்கள். பாறைக்கு முன்னாலும் ஒரு முழம் தண்ணீர் மெத்தை மாதிரி அமைதியாக இருக்கும், பெரிய ஸ்மால்மவுத் (பாஸில் ஒரு வகை) பல நேரம் அங்கேதான். லார்ஜ்மவுத் (இன்னொரு வகை) வேறு குணம்: நாணல் ஓரம், விழுந்த மரம், ஓட்டமே இல்லாத பக்கக் குட்டை. வாய் மூலை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் லார்ஜ்மவுத். கண்ணுக்கு நேராக நின்று, உடம்பில் பழுப்பில் குத்துப்பட்டைகள் இருந்தால் ஸ்மால்மவுத்.

இன்னொன்று, அணைக்காரர்கள் எல்லோரும் செய்யும் தவறு: கடித்ததும் தோளிலிருந்து வெட்டி இழுப்பது. 6 பவுண்டு நரம்பு அதற்குத் தாங்காது. தொய்வைச் சுற்றி எடுத்து, கனம் தெரிந்ததும் ராட்டைப் பக்கவாட்டில் சீராக இழுத்தால் போதும், மெல்லிய தூண்டில் முள் தானாக ஏறும். டிராகை (ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை) 700 கிராம் அளவில் வை.

டொங்காட்_அக்கா:
மாதக் கணக்கை நான் சொல்கிறேன், தம்பி. அமெரிக்கக் காணொளி பார்த்து மாதத்தை எடுத்துக்கொள்ளாதே, அங்கே வசந்தம் என்றால் இங்கே இலையுதிர். நம் தமிழ் மாதமும் ஊர்ப் பழமொழியோடு இங்கே பொருந்தாது. சித்திரை வெயில் என்பார்கள், இங்கே சித்திரை கடைசியில் மிட்லண்ட்ஸ் மேட்டுநிலத்தில் பனி விழத் தொடங்கிவிடும். ஆனால் மாதங்களை ஒருமுறை இந்த மண்ணுக்குப் பழக்கிவிட்டால் நாட்காட்டியைப் பார்த்தே ஆற்றுக்குப் போகலாம்.

ஆனி, ஆடி: மழை இல்லை, தண்ணீர் ஒடுங்கித் தெளிந்திருக்கும், வெப்பம் 10 முதல் 14 டிகிரி. மீன் எல்லாம் ஆழமான மடுவில் ஓட்டம் குறைந்த பக்கம் ஒன்றாகக் கிடக்கும். காலை ஐந்து மணிக்குப் போய் நடுங்குவதில் பலனில்லை. பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை, வெயில் விழும் பாறைப் பக்கம். 6 அல்லது 7 சென்டிமீட்டர் இரை, அடியில் வைத்து ஐந்து விநாடி சும்மா விடு, ஒரு சாண் நகர்த்து, மறுபடி விடு. கடி தெரியாது, நரம்பு கனத்தது போல மட்டும் இருக்கும். ஆடிக்காற்று இங்கேயும் பலம்தான். காற்று நாளில் ராட் முனையைத் தண்ணீருக்குப் பக்கத்தில் தாழ்த்து, இல்லாவிட்டால் அந்த மெல்லிய கடியை உணரவே முடியாது.

ஆவணி: தண்ணீர் சூடேறத் தொடங்கும். மீன் மடுவிலிருந்து அதன் வால்பகுதிக்கு, கூழாங்கல் பக்கம் நகரும். கூடு கட்டுவதற்கு முன் நன்றாகத் தின்னும் காலம் இது.

புரட்டாசி: 15, 16 டிகிரி எட்டியதும் ஸ்மால்மவுத் கூடு கட்டும். லார்ஜ்மவுத் இரண்டு மூன்று டிகிரி கூடியபின். நம் வீடுகளில் மாதம் முழுக்க மீன், கறி தொடாமல் விரதம் இருக்கிறோம் இல்லையா, சரியாக அந்த மாதம்தான் பாஸ் முட்டையைக் காக்கிறது. கைக்கு எட்டும் ஆழத்தில், பாறையோ கட்டையோ காற்றுக்கு மறைவாக இருக்கும் இடத்தில், அரை மீட்டர் அகலத்துக்குக் கழுவி வைத்த மாதிரி வெளுத்த வட்டம் தெரியும். மேலே நிற்கும் ஆண் மீன் எதைப் போட்டாலும் பாயும், பசியால் அல்ல, துரத்துவதற்காக. அதைத் தூக்கிப் படம் எடுக்கும் இரண்டு நிமிடத்தில் புளூகில் என்ற சிறு மீன் வந்து முட்டையைத் தின்றுவிடும். அந்த வட்டத்தைக் கண்டால் தள்ளிப் போய்விடு. விரதம் என்றால் ஆற்றுக்கும் விரதமாக இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை: தீபாவளியை ஒட்டி முதல் பெருமழை. ஆறு செம்மண் நிறத்தில் ஏறும்போது கரையில் நிற்காதே, மலையில் பெய்த மழை இங்கே வெயில் அடிக்கும்போது வந்து சேரும். தண்ணீர் இறங்கத் தொடங்கி, முழங்கால் ஆழத்தில் உன் காலணி மங்கலாகத் தெரியும் நாள்தான் போகவேண்டிய நாள். மீன் ஓட்டத்துக்குத் தப்பிக் கரைக்கு ஒரு மீட்டருக்குள் வந்திருக்கும். 7 கிராம் ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு வைத்த இரை), வெள்ளை அல்லது கறுப்பு, கரையை ஒட்டி மெதுவாக.

மார்கழியிலிருந்து மாசி வரை: தண்ணீர் 24 டிகிரிக்கு மேல். விடியலிலும் இருட்டும் நேரத்திலும் மட்டும். வேகமாக நுரைத்து விழும் தண்ணீரின் அடிவாரத்திலும், குளிர்ந்த ஓடை வந்து கலக்கும் வாயிலும் மீன் இருக்கும். மேற்பரப்பில் 5 சென்டிமீட்டர் பாப்பர் (மிதக்கும் பொய் இரை) போடு, வட்ட அலை அடங்கும்வரை அசைக்காதே. பிற்பகல் இடிமேகம் கட்டினால் ராட்டைக் கீழே வைத்துவிட்டு காருக்குப் போ. கிராஃபைட் ராட் இடிதாங்கி மாதிரிதான்.

பங்குனியிலிருந்து வைகாசி வரை: மழை ஓய்ந்து தண்ணீர் தெளியும், குளிருக்கு முன் மீன் வயிறு நிரப்பும். வருடத்தில் ஆற்றுக்கு ஒரே ஒருமுறைதான் போக முடியும் என்றால் சித்திரையில் போ.

நார்த்டேல்_79:
அக்கா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். கடையில் விற்கும் இரைகளில் பாதி அமெரிக்க கிரேஃபிஷ் (நன்னீர்ச் சிங்கி இறால்) வடிவம், சிவப்பு, ஆரஞ்சு. நம் ஆறுகளுக்குக் கிரேஃபிஷ் சொந்தமில்லை, ஆப்பிரிக்கப் பெருநிலத்திலேயே அது இயற்கையாக இல்லை. இங்கே கல்லுக்கு அடியில் இருப்பது ஆற்று நண்டு, பாஸ் அதைத்தான் தேடித் தின்னும். கிரேஃபிஷ் வாலை அடித்துப் பின்னால் துள்ளும். நண்டு அடியோடு ஒட்டிப் பக்கமாக ஊரும். அதனால் துள்ளவிட்டு இழுப்பதை விட்டுவிட்டு, 7 சென்டிமீட்டர் டியூப் (உள்ளீடற்ற ரப்பர் இரை), கரும்பழுப்பு அல்லது பாசிப்பச்சை, 1/0 அளவு முள் உள்ள ஜிக் தலையை உள்ளே நுழைத்து, அடியில் உருட்டிக்கொண்டு வா. ஆற்றில் ஒரு கல்லைப் புரட்டிப் பார், அங்கே நண்டு என்ன நிறமோ அதுதான் அந்த ஆற்றுக்கு நிறம். பார்த்தபின் கல்லை இருந்தபடியே வைத்துவிடு.

வெருலம்_தூண்டில்:
மிக்க நன்றி. 2.5 கிராம் வாங்கிவிட்டேன். இரண்டு சந்தேகம். பிரெய்டும் ஃபுளோரோவும் சேரும் முடிச்சு வழுக்கி அவிழ்கிறது. பிடித்ததைக் குழம்புக்குக் கொண்டுபோகலாமா, விடவேண்டுமா?

மாரிட்ஸ்பர்க்_கரை:
முடிச்சு: இரட்டை யூனி போடு. ஃபுளோரோ பக்கம் 5 சுற்று, பிரெய்டு பக்கம் 8 சுற்று. பிரெய்டு மெல்லியது, வழுவழுப்பானது, இரண்டு பக்கமும் 5 போட்டால் அதுதான் வழுக்கும். இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனை. உலர்ந்து இறுக்கினால் உராய்ந்த சூட்டில் ஃபுளோரோ சுருண்டு வெளுக்கும், வெளுத்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டு. இரையைக் கட்ட பாலமர்: நரம்பை இரட்டையாக்கித் துளையில் விட்டு, ஒரு சாதாரண முடிச்சு, வளையத்தை இரைக்கு மேலாகக் கழற்றி எடுத்து, நனைத்து இழு. பத்து பதினைந்து வீச்சுக்கு ஒருமுறை கடைசி ஒரு முழத்தை விரலில் உருவிப் பார். சொரசொரப்புத் தெரிந்தால் அந்த முழத்தை வெட்டிவிடு. பெரிய மீன் போவது அந்தச் சொரசொரப்பில்தான்.

மாட்டிக்கொண்டால் இழுக்காதே, இழுக்க இழுக்க இறுகும். தொய்வாக விட்டு முனையை உதறு. வராவிட்டால் மாட்டிய இடத்துக்கு மேலே நடந்துபோய் எதிர்ப்பக்கமிருந்து இழு, பாதிக்கு மேல் வந்துவிடும். அறுத்தே ஆகவேண்டும் என்றால் பிரெய்டைக் கையில் சுற்றாதே, சதையை வெட்டும். ஒரு குச்சியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழு.

டொங்காட்_அக்கா:
குழம்புக்கு எடுப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. பாஸ் இந்த மண்ணின் மீன் அல்ல. லார்ஜ்மவுத் 1928-இலும் ஸ்மால்மவுத் 1937-இலும் கொண்டுவந்து விட்டது. நம் ஆற்றுக்குச் சொந்தமான சிறு மீன்களையும், நாம் ஸ்கேலி என்கிற மஞ்சள் மீனின் குஞ்சுகளையும் அது தின்கிறது. அதனால் 25, 30 சென்டிமீட்டர் பாஸ் இரண்டு எடுத்துப் போ. முள்ளில் ஸ்கேலி வந்தால் மட்டும் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தண்ணீருக்குள்ளேயே கழற்றி விடு. உயிரோடு பாஸை வாளியில் எடுத்துப்போய் வேறு குட்டையிலோ ஓடையிலோ விடுவது சட்டப்படி குற்றம், அந்த ஓடைக்கும் கேடு. மாகாண மீன்பிடி அனுமதிச் சீட்டு கையில் இருக்கட்டும். ஆறு பண்ணை நிலத்துக்குள் ஓடினால் வீட்டில் கேட்டுவிட்டு இறங்கு.

ஆனால் எந்த ஆறு என்று பார். மாரிட்ஸ்பர்க் நகரத்துக்குக் கீழே ம்சுண்டுஸி ஆற்று மீனை நான் வீட்டுக்குள் விடமாட்டேன். மழைக்குப் பின் சாக்கடை கலக்கிறது. 2019 ஆகஸ்டில் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து அந்த ஆற்றில் கரை நெடுக மீன் செத்து மிதந்தது. அது உம்கேனியில் சேர்ந்து இனாண்டாவுக்குத்தான் வருகிறது. சேருமிடத்துக்கு மேலே உள்ள உம்கேனி வேறு தண்ணீர்.

சேற்று வாடை பற்றிக் கேட்பார்கள்: தோலை உரித்து, வயிற்றோரச் சதையையும் பக்கவாட்டில் ஓடும் சிவந்த சதையையும் நீக்கி, உப்பும் மஞ்சளும் தடவி அரைமணி வை. புளியைச் சற்றுத் தூக்கலாகக் கரை, மீனைக் கடைசியில் போடு, ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் கொதித்தால் உதிர்ந்துவிடும்.

நார்த்டேல்_79:
ஒன்று விட்டுப்போயிற்று. வெறுங்காலோடு தண்ணீரில் இறங்காதே, தம்பி. குவாசுலு-நட்டால் ஆறுகளில் பில்ஹார்சியா என்ற புழு நோய் உண்டு. நத்தை வாழும் மந்தமான, செடி மண்டிய வெதுவெதுப்பான ஓரத்தில்தான் அதிகம், அதாவது லார்ஜ்மவுத் நிற்கும் அதே ஓரம். புழு தோலைத் துளைத்து நுழையும், துடைத்தால் போய்விடும் என்று நம்பாதே. ரப்பர் வேடர் (தண்ணீர் புகாத நீள் காலுடை) போடு, இல்லையென்றால் கரையிலிருந்தே வீசு. சில வாரம் கழித்துக் காய்ச்சலோ, பின்னர் சிறுநீரில் ரத்தமோ தெரிந்தால் மருத்துவரிடம் ஆற்றில் இறங்கியதை நீயே சொல். சொன்னால் சோதித்துப் பார்த்து பிராசிகுவான்டெல் மாத்திரையில் முடித்துவிடுவார்கள்.

அணைக்குக் கீழே நிற்கிறாய் என்றால் தண்ணீர் திறப்பதையும் கவனி. பிப்ரவரியில் டூசி படகுப் போட்டி வாரத்தில் அணைகளிலிருந்து திறந்துவிடுவார்கள். ஆற்று நடுப் பாறையில் ஏறி நிற்கும்போது ஈரக் கோட்டைக் குறித்துக்கொள். அது மறைந்தால் இரையைச் சுற்றி எடுக்கக்கூட நிற்காமல் கரைக்கு வந்துவிடு.