100 மெகாபிட் ஃபைபர் இணைப்பு இருந்தும் டொரண்ட் பதிவேற்றம் நகரவில்லை

கேள்வி: ராமமூர்த்திநகர்வாசி

வணக்கம். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பைப் பயன்படுத்துகிறேன். பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டுக்கும் 100 மெகாபிட் என்பது திட்டம். வேகச் சோதனைத் தளங்களும் ஏறக்குறைய அதையே காட்டுகின்றன. திருவண்ணாமலை பக்கம் எங்கள் ஊரில் நடந்த தெருக்கூத்துகளை, ஆடியவர்களின் ஒப்புதலோடு பதிவு செய்து வைத்திருக்கிறோம். மொத்தம் 60 ஜிபிக்கு மேல் வருவதால், டொரண்ட்டாக்கி (கோப்பைத் துண்டுகளாகப் பிரித்துக் கணினிகளுக்கிடையே நேரடியாகப் பகிரும் முறை) கியூபிட்டொரண்ட் என்னும் மென்பொருள் வழியாகச் சென்னையில் உள்ள இரு நண்பர்களுக்கும் டொராண்டோவில் உள்ள ஒருவருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வேகம் விநாடிக்கு 200 கிலோபைட்டைத் தாண்டுவதில்லை. அதுவும் டொராண்டோவுக்கு மட்டுமே செல்கிறது. சென்னை நண்பர்களுக்கு என் கணினியோடு இணைப்பே ஏற்படவில்லை. வேக வரம்பு எதையும் நான் வைக்கவில்லை. இணைய நிறுவனம் டொரண்ட்டை மட்டும் வேண்டுமென்றே மட்டுப்படுத்துகிறதா?

பதில்: கம்பிவடம்

100 மெகாபிட் என்பது விநாடிக்கு 12.5 மெகாபைட். நீங்கள் சொல்லும் 200 கிலோபைட் வெறும் 1.6 மெகாபிட்தான் என்பதால், இது பிட், பைட் குழப்பம் இல்லை. மென்பொருளில் குறியாக்கத்தைக் கட்டாயமாக்கிப் பாருங்கள்; நிறுவனம் டொரண்ட் போக்குவரத்தை அடையாளம் கண்டு தடுக்கிறது என்றால் வேகம் மாறும். இன்னொன்று, பதிவேற்றத்துக்கு வரம்பே வைக்காமல் விடுவதும் நல்லதன்று. வெளிச்செல்லும் பாதை முழுவதும் நிரம்பிவிட்டால், பதிவிறக்கத்துக்கான ஒப்புகைத் தகவல்களும் அதே வரிசையில் காத்துக்கிடக்கும். வீட்டில் எல்லோருடைய இணையமும் மந்தமாகிவிடும். உண்மையான வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கை வரம்பாக வைப்பது வழக்கம்.

பதில்: அல்சூர் ஏரிக்கரை

குறியாக்கத்தை மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் நோய் அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மட்டுப்படுத்தல் என்றால் சென்னைக்கும் மெதுவாகவேனும் ஏதாவது போயிருக்கும். இங்கே இணைப்பே உருவாகவில்லை என்பதுதான் துப்பு. கியூபிட்டொரண்டின் கீழ்ப்பட்டையில் தீச்சுடர் போன்ற குறி தெரிந்தால், வெளியிலிருந்து யாரும் உங்கள் கணினியைத் தேடி வர முடியவில்லை என்று பொருள்.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் அதற்கு வழங்கப்பட்டிருக்கும் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான ஏதோ ஓர் எண்ணில் தொடங்கினால், நிறுவனம் உங்களைச் சிஜிநாட் என்னும் பொது முகவரிப் பகிர்வுக்குப் பின்னால் வைத்திருக்கிறது. ஐபிவி4 என்னும் பழைய முறை இணைய முகவரிகள் தீர்ந்துபோன நிலையில், 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசை அது. பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பங்கிடுவதால், உள்ளிருந்து தொடங்கிய உரையாடலுக்கான பதில் மட்டுமே திரும்பி வரும். வெளியிலிருந்து புதிதாக வரும் அழைப்பை யாருக்குத் தருவது என்று நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது. அந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட்டை (இணைப்புகள் உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்தாலும் பயனில்லை. சென்னை நண்பர்களும் இதே நிலையில் இருந்தால், இரு தரப்பும் அழைக்கலாம், எடுப்பதற்குத்தான் எவரும் இல்லை. டொராண்டோ நண்பரின் போர்ட் திறந்திருக்கக்கூடும். அதனால் உங்கள் கணினி அவரைத் தேடிப்போய் இணைந்திருக்கிறது. வேகச் சோதனை இதையெல்லாம் காட்டாது. அங்கே அழைப்பைத் தொடங்குவது நீங்கள்தானே.

முகவரி அந்த வரிசையில் இல்லாவிட்டால், ஃபைபர் கம்பி வந்து சேரும், கேபிள்காரர் வைத்த ஓஎன்டி கருவியும் உங்கள் சொந்த ரவுட்டரும் அடுத்தடுத்து முகவரி மாற்றம் செய்கின்றனவா என்று பாருங்கள். இந்த ஊரில் அது சர்வ சாதாரணம். ஓஎன்டியை, முகவரி மாற்றம் செய்யாமல் தகவலை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொன்னால் தீரும்.

ராமமூர்த்திநகர்வாசி

தீச்சுடர் குறி இருக்கிறது, முகவரியும் 100.81 என்றுதான் தொடங்குகிறது. நிலையான முகவரி கேட்டதற்கு மாதக் கட்டணம் தனி என்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: அல்சூர் ஏரிக்கரை

பணம் கட்டுவதற்கு முன் ஐபிவி6 என்னும் புதிய முகவரி முறை உங்கள் இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கணினியின் முகவரிகளில் 2இல் தொடங்கும் ஐபிவி6 முகவரி இருந்தால் போதும்; எஃப்ஈ80 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாவது, அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம். ஐபிவி6இல் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி என்பதால் சிஜிநாட் குறுக்கே வராது. ஆனால் பெரும்பாலான ரவுட்டர்கள் வெளியிலிருந்து வரும் ஐபிவி6 இணைப்பை இயல்பாகவே தடுத்துவிடும். மென்பொருள் பயன்படுத்தும் போர்ட்டுக்கு மட்டும் டிசிபி, யுடிபி என்னும் தகவல் அனுப்பும் நெறிமுறைகள் இரண்டிலும் அனுமதி கொடுங்கள், கணினியின் ஃபயர்வாலிலும் அப்படியே. சில இடங்களில் ரவுட்டரின் ஐபிவி6 தடுப்பு முழுவதையும் அணைத்துவிடச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வீட்டிலுள்ள கேமராவும் தொலைக்காட்சியும்கூட ஊருக்கே திறந்துவிடும். போர்ட் திறந்திருக்கிறதா என்னும் சோதனையை வீட்டு வைஃபையிலிருந்து செய்யாமல் மொபைல் டேட்டாவிலிருந்து செய்யுங்கள்.

விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியே அனுப்பும் சேவை) வழியாகப் போர்ட் திறப்பதும் ஒரு வழிதான், ஆனால் எல்லா விபிஎன்களும் அந்த வசதியைத் தருவதில்லை. முல்வாட் என்னும் விபிஎன் சேவை 2023 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது.

ராமமூர்த்திநகர்வாசி

நன்றி. ஒரு சென்னை நண்பர் ஐபிவி6 வழியே இணைந்துவிட்டார்; விநாடிக்கு 6 மெகாபைட் போகிறது. மற்றவரின் இணைப்பில் ஐபிவி6 இல்லை. டொராண்டோவும் அதே மந்தம்தான்.

பதில்: கம்பிவடம்

டொராண்டோ மந்தத்துக்குத் தூரமும் ஒரு காரணமாக இருக்கலாம். தகவல் போய்த் திரும்பவே ஏறக்குறைய கால் விநாடி ஆகும். வழியில் சிறிது இழப்பு நேர்ந்தாலும் ஒற்றை இணைப்பின் வேகம் சரிந்து, மீண்டும் ஏற நேரம் எடுக்கும். மென்பொருளின் மைக்ரோ டிபி நெறிமுறையோ பாதையில் தாமதம் கூடுவதைக் கண்டாலே தானாகப் பின்வாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. டிசிபியை மட்டும் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அங்குள்ள நண்பரைக் கணினியைக் கம்பி வழியே ரவுட்டரில் இணைக்கச் சொல்லுங்கள். வைஃபையால் மந்தம் என்றால் அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது சென்னை நண்பரை நீங்கள் நேரடியாக எட்ட வேண்டிய அவசியமே இல்லை. டொராண்டோவின் போர்ட் திறந்திருந்தால் அவர் அங்கே இணைவார். உங்களிடமிருந்து அங்கு போய்ச் சேரும் ஒவ்வொரு துண்டும் அங்கிருந்து அவருக்குக் கிடைக்கும். முழுக் கோப்பும் அங்கே வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இனி அவருடைய வேகமும் டொராண்டோ இணைப்பைப் பொறுத்ததே என்பதால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.